கடம்பூர் வாசலில் ஒரு காவலன்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நான் மதராஸ் ரெஜிமென்ட்டில் ஹவில்தார். இப்போது லடாக்கில், உயரமான ஒரு போஸ்ட்டில் இருக்கிறேன். கல்கியின் 'பொன்னியின் செல்வன்' கதையில் பெயர்கூட இல்லாமல் வந்து போகிற ஒரு வாசல் காவலனை வைத்து ஒரு தொடர் எழுதி வருகிறேன். அவனுக்கு நான் வைத்த பெயர் சாத்தன். படிக்கிறவர்கள் திரும்பத் திரும்பக் கேட்கிற கேள்விகளுக்கு இங்கே மொத்தமாகப் பதில் எழுதியிருக்கிறேன். இதையும் நோட்டில் பென்சிலால் எழுதித்தான் அனுப்புகிறேன். தட்டச்சு என் மனைவி.

அடுத்த அத்தியாயம் எப்போது வரும்?

யாராவது லீவில் கீழே இறங்கும்போது வரும். இதுதான் உண்மையான பதில்.

நான் எழுதி முடித்த பக்கங்கள், ஊருக்குப் போகிற ஒருவருடைய பையில் ஏறும். அவர் வண்டியில் லே நகரத்துக்கு வந்து, அங்கிருந்து விமானம், பிறகு ரயில் என்று போய், தன் ஊரிலிருந்து என் வீட்டுக்குக் கூரியரில் அனுப்புவார். என் மனைவி பிள்ளைகளைத் தூங்கவைத்த பிறகு போனில் உட்கார்ந்து தட்டச்சு செய்வார். பனிக்காலத்தில் சோஜி லா கணவாய் மூடிவிடும், வானம் தெளியாமல் லேக்கு விமானமும் வராமல் போகும். அப்போது நோட்டும் மூன்று வாரம், நான்கு வாரம் என் தலைமாட்டிலேயே கிடக்கும். தாமதமாகிறது என்றால் எனக்கு ஏதோ ஆகிவிட்டது என்று பயப்பட வேண்டாம். பாதை அடைத்திருக்கிறது, அவ்வளவுதான்.

ரசிகர் புனைவு என்றால் என்ன? இது தமிழுக்குப் புதிது இல்லையா?

ஒருவர் எழுதிய கதையில் மனசு பறிகொடுத்த வாசகன், அந்தக் கதையின் ஆட்களையும் ஊரையும் எடுத்துக்கொண்டு, அதில் சொல்லாமல் விட்டதைத் தானே எழுதிப்பார்ப்பது. இளைஞர்கள் ஃபேன் ஃபிக்ஷன் என்கிறார்கள்.

பெயர் வேண்டுமானால் புதிதாக இருக்கலாம். வியாசர் பாரதத்தில் அல்லி கிடையாது. அர்ச்சுனனையே திணறவைத்த மதுரைப் பெண்ணரசி அல்லியை, நம் மக்கள் பாரதத்துக்குள் தாங்களாகவே கொண்டுவந்து வைத்தார்கள். அல்லி அரசாணி மாலையைப் பாட்டிகள் ராகம் போட்டுப் படித்தார்கள், கூத்தில் ஆடினார்கள். 'இது மூலத்தில் இல்லையே' என்று யாரும் எழுந்து போகவில்லை. பொன்னியின் செல்வனுக்கே விக்கிரமன் 'நந்திபுரத்து நாயகி' என்று தொடர்ச்சி எழுதினார். நான் செய்வது அதே வேலைதான், ரொம்பச் சின்ன அளவில்.

வந்தியத்தேவனையும் குந்தவையையும் விட்டுவிட்டு, ஏன் ஒரு வாசல் காவலன்?

இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும்.

எனக்குச் சொந்த ஊர் காட்டுமன்னார்கோயில் பக்கம். கதையின் முதல் காட்சியில் ஆடிப்பெருக்கு அன்று வந்தியத்தேவன் குதிரையில் வருகிற வீரநாராயண ஏரி எங்கள் வீராணம்தான். அவன் அன்று இரவு போய்த் தங்குகிற கடம்பூர், எங்கள் வீட்டிலிருந்து சைக்கிள் தூரம். பத்தாம் வகுப்பில் நூலகத்திலிருந்து ஒவ்வொரு பாகமாக எடுத்துவந்து படித்தபோது, எல்லாரையும்போல நானும் வந்தியத்தேவன் பக்கம்தான் இருந்தேன். கடம்பூர் மாளிகை வாசலில் காவலர்கள் அவனை மறிப்பார்கள். அவன் மீறி நுழையப் பார்ப்பான், கைகலப்பாகும். கடைசியில் சின்ன எஜமான் கந்தமாறன் வந்து, 'என் நண்பன்' என்று கட்டிக்கொண்டு உள்ளே அழைத்துப் போவான். படித்தபோது, 'நல்லா வேணும் இந்தக் காவல்காரனுங்களுக்கு' என்று எனக்கு ஒரே சந்தோஷம்.

அப்புறம் நான் பட்டாளத்துக்கு வந்தேன். வெலிங்டனில் பயிற்சி முடித்து, முதல் போஸ்டிங்கில் கேட் டூட்டி. ஒருநாள் சாதாரண உடையில் வந்த ஒருவரை அடையாள அட்டை கேட்டு நிறுத்தினேன். அவர் பெரிய அதிகாரி. எடுத்துவர மறந்துவிட்டார். 'என்னைத் தெரியாதா?' என்று எல்லார் முன்னாலும் என்னைப் பார்த்துக் கத்தினார். நான் சல்யூட் அடித்துவிட்டு, எங்கள் காவல் பொறுப்பாளரான கார்டு கமாண்டர் வரும்வரை அவரை விடவில்லை. அன்று சாயங்காலம் எங்கள் சூபேதார் சாப் என்னைக் கூப்பிட்டு, "தம்பி, நீ செஞ்சதுதான் சரி. நாளைக்கு அவரே வந்தாலும் இப்படித்தான் நிறுத்தணும்" என்றார்.

அந்த வருடம் லீவில் போனபோது பொன்னியின் செல்வன் முதல் பாகத்தை மறுபடி எடுத்தேன். கடம்பூர் வாசல் வந்ததும் புத்தகத்தை மூடி வைத்துவிட்டேன். அந்தக் காவலன் என்ன தப்பு செய்தான்? பெரிய மனிதர்கள் உள்ளே கூடியிருக்கிறார்கள், யாரையும் விடாதே என்று அவனுக்கு உத்தரவு. முன்பின் தெரியாத ஒருவன் ஆயுதத்தோடு இருட்டில் வந்து நிற்கிறான். மறித்தான். அன்று இரவு நடந்த ரகசியக் கூட்டத்தை ஒளிந்திருந்து பார்த்தது யார்? அதே வந்தியத்தேவன்தான். அதாவது, அந்த மாளிகைக்குள் போகவே கூடாத ஒரே ஆளைச் சரியாக மறித்தவன் அந்தக் காவலன். எஜமான் பிள்ளை அவனை ஒதுக்கித் தள்ளிவிட்டு விருந்தாளியை உள்ளே கூட்டிப்போனான். கதையும் விருந்தாளி பின்னாலேயே உள்ளே போய்விட்டது. காவலன் வாசலிலேயே நின்றுவிட்டான்.

நான் அவனோடு வாசலில் நிற்கிறேன். என் தொடர் முழுக்க அதுதான்.

சாத்தன் கதை எங்கே போகிறது?

அதே கடம்பூர் மாளிகைக்குத்தான் பிறகு இளவரசர் ஆதித்த கரிகாலர் வருகிறார். அங்கேதான் இறக்கிறார். மாளிகை எரிகிறது. ஒருமுறை சரியாக மறித்து அவமானப்பட்ட காவலன், இரண்டாம் முறை வாசலில் நிற்கும்போது என்ன செய்திருப்பான்? யாரை மறிக்காமல் விட்டிருப்பான்? ஒரு வீட்டைக் காவல் காத்தவனுக்கு, அந்த வீட்டுக்குள்ளேயே ஓர் இளவரசர் செத்துப்போனால், மிச்ச வாழ்க்கை எப்படிப் போகும்? அங்கேதான் நான் இப்போது இருக்கிறேன். இதற்கு மேல் சொன்னால் நீங்கள் படிக்க ஒன்றும் இருக்காது.

உங்கள் ஒரு நாள் எப்படிப் போகும்?

இடம், ஆள் எண்ணிக்கை, ரோந்து நேரம் எதையும் சொல்ல மாட்டேன். கேட்கவும் வேண்டாம். மற்றதைச் சொல்கிறேன்.

விடிவதற்கு முன்பே ஸ்டாண்ட் டு. ஆயுதத்தோடு எல்லாரும் அவரவர் இடத்தில் நிற்க வேண்டும். மங்கலான வெளிச்சத்தில்தான் எதிரி வருவான் என்பது பட்டாளத்தின் பழைய கணக்கு. வெளிச்சம் வந்ததும் லங்கரிலிருந்து டீ வரும். லங்கர் என்றால் எங்கள் சமையற்கட்டு. டம்ளரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, முகத்தை அந்த ஆவியில் காட்டிக்கொண்டு குடிப்போம். பாதி டம்ளர் குடிப்பதற்குள் மீதி ஆறிவிடும்.

அதன் பிறகு உடம்பு வேலை. பாதையிலும் பங்கர் கூரையிலும் பனி தள்ள வேண்டும். மண்ணெண்ணெய் ஜெரிகேன் சுமக்க வேண்டும். தண்ணீருக்குப் பனியை அள்ளி உருக்க வேண்டும். புதுப்பனி என்றால் பத்துப் பாத்திரம் அள்ளினால்தான் ஒரு பாத்திரம் தண்ணீர். 15,000 அடிக்கு மேலே மூச்சுக்குக் கிடைக்கிற ஆக்சிஜன், கடல்மட்டத்தில் கிடைப்பதில் பாதியைவிடக் கொஞ்சம்தான் அதிகம். இருபது அடி நடந்தால் நின்று மூச்சு வாங்க வேண்டும். அதனால்தான் யாரையும் நேராக மேலே ஏற்ற மாட்டார்கள். முதலில் ஆறு நாள், அடுத்த உயரத்தில் நான்கு நாள், அதற்கும் மேலே நான்கு நாள் என்று உடம்பைப் பழக்கித்தான் அனுப்புவார்கள். எவ்வளவு பெரிய பயில்வானாக இருந்தாலும் இந்தப் பதினான்கு நாள் உண்டு.

சாப்பாடு தாராளமாக வரும், பசிதான் இருக்காது. தண்ணீர் இங்கே 85 டிகிரி பக்கத்திலேயே கொதித்துவிடும், அதனால் குக்கர் இல்லாமல் பருப்பு வேகாது. முட்டை கல்லாகிவிடும். உருளைக்கிழங்கைக் கீழே போட்டால் கூழாங்கல் விழுந்த சத்தம் கேட்கும். ஊரிலிருந்து வந்த புளிக்காய்ச்சல் பாட்டிலை யாராவது திறந்தால், அந்த வாசனைக்குப் பக்கத்துப் பங்கரிலிருந்தும் ஆள் வந்துவிடும்.

சாயங்காலம் மறுபடி ஸ்டாண்ட் டு. ரோல்காலில் இரவு டூட்டியும் மறுநாள் வேலையும் சொல்வார்கள். படுப்பதற்கு முன் ஒரு காரியம் கட்டாயம். ஜோடியாக இருப்பவர்கள் ஒருவர் காலை ஒருவர் பார்க்க வேண்டும். சாக்ஸைக் கழற்றி, விரல்களைத் தேய்த்து, நிறம் மாறியிருக்கிறதா, தொட்டால் தெரிகிறதா என்று பார்ப்போம். என் ஜோடி பாலக்காட்டுக்காரன். என்னைவிட எட்டு வயது சின்னவன். என் காலைத் தன் மடியில் வைத்து, டார்ச் அடித்து, ஒவ்வொரு விரலாக அழுத்தி, "தெரியுதா சேட்டா?" என்று கேட்பான். என் அம்மாவுக்குப் பிறகு என் காலை இவ்வளவு அக்கறையாகப் பார்த்தது அவன்தான்.

இரவில் காவல் நிற்கும்போதுதான் கதையை யோசிப்பீர்களா?

இல்லை. நட்சத்திரத்தைப் பார்த்தபடி கதை யோசிக்கிறேன் என்று நிறையப் பேர் நினைத்துக்கொள்கிறார்கள். சென்ட்ரி டூட்டியில் மனசுக்குள்கூட நான் கதை ஓட்டுவதில்லை. எனக்குப் பின்னால் தூங்குகிறவர்கள் என் காதை நம்பித் தூங்குகிறார்கள். சாத்தனைப் பற்றி எழுதுகிறவன் அதில் ஏமாற்றக் கூடாது.

டூட்டி முடிந்து உள்ளே வந்தால் உடனே தூக்கம் வராது. கால் சூடாக அரை மணி நேரம் ஆகும். அந்த அரை மணி நேரம்தான் என் எழுத்து நேரம். ஸ்லீப்பிங் பேகுக்குள் இடுப்புவரை நுழைந்து, நெற்றியில் டார்ச்சைக் கட்டிக்கொண்டு, முட்டியில் நோட்டை வைத்துக்கொள்வேன்.

ஏன் பென்சில்? போனில் எழுதலாமே?

போன் பேட்டரி குளிரில் ஏமாற்றிவிடும். நாற்பது சதவீதம் என்று காட்டிக்கொண்டே இருக்கும், சட்டென்று அணைந்துவிடும். பால் பாயின்ட் பேனாவில் மை இறுகிப்போய் எழுதாது. அதை அக்குளில் வைத்துச் சூடாக்கினால் இரண்டு வரி ஓடும், மறுபடி நின்றுவிடும். பென்சிலுக்கு எந்தப் பிடிவாதமும் கிடையாது. தடித்த கையுறைக்கு உள்ளே மெல்லிய கம்பளி உறை ஒன்று போட்டிருப்போம். தடித்ததைக் கழற்றிவிட்டு, மெல்லியதோடு நான்கு வரி எழுதுவேன். பிறகு கையைச் சட்டைக்குள் விட்டுச் சூடாக்கிக்கொண்டு அடுத்த நான்கு வரி. என் வாக்கியங்கள் சின்னதாக இருக்கின்றன என்று ஒருவர் பாராட்டி எழுதியிருந்தார். காரணம் இதுதான்.

உயரத்தில் ஞாபகமும் தடுமாறும். 'அகழி' என்ற சொல் வராமல் ஒருநாள் முழுக்க அலைந்திருக்கிறேன். ஒரே வரியை இரண்டு தடவை எழுதியிருப்பேன். அதையெல்லாம் மனைவி சரிசெய்கிறார்.

பதினோராம் அத்தியாயம் ஏன் மற்றவை மாதிரி இல்லை?

கவனித்தவர்களுக்கு நன்றி. அது இரண்டாம் தடவை எழுதியது. முதலில் எழுதிய நோட்டை வைத்திருந்த மூட்டைமேல் ஒரு ஜெரிகேன் கசிந்துவிட்டது. மண்ணெண்ணெய் ஊறி, பென்சில் எழுத்து சாம்பல் நிறத்தில் ஒன்றோடொன்று கலந்துபோயிற்று. அந்தத் தாள்களை என்ன செய்வது என்று தெரியாமல் இரண்டு நாள் வைத்திருந்தேன். கடைசியில் புகாரியைப் பற்றவைக்கக் கொடுத்துவிட்டேன். புகாரி என்றால் நாங்கள் குளிர்காயும் அடுப்பு. மறுபடி எழுதியபோது, முதலில் இருந்த சண்டைக் காட்சி எனக்கு வரவே இல்லை. சாத்தன் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து கஞ்சி குடிப்பதுதான் வந்தது. அதை அப்படியே விட்டுவிட்டேன்.

போர்க்காட்சியே ஏன் எழுதுவதில்லை? உங்களுக்குத்தானே அது நன்றாகத் தெரியும்?

தெரிந்ததால்தான். படைவீரன் வாழ்க்கையில் பெரும்பகுதி காத்திருப்பதும் சுமப்பதும் சுத்தம் செய்வதும்தான். அதை யாரும் எழுதுவதில்லை. தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டுகளில் சோழப் படைப்பிரிவுகளின் பெயர்கள் வரிசையாக இருக்கின்றன. கோயில் பணத்துக்குப் பொறுப்பேற்ற படைகள் அவை. அந்தப் படைகளில் கூழ் காய்ச்சியவன், குதிரைக்குப் புல் அறுத்தவன், ராத்திரி வாசலில் நின்றவன் பெயரெல்லாம் நமக்குத் தெரியாது. அவர்களுக்குக் கொஞ்சம் இடம் கொடுக்க எனக்கு ஆசை.

கூட இருந்தவர்கள் இறந்ததைப் பார்த்திருக்கிறேன். அது கதையில் வராது. அவர்கள் வீட்டார் படிக்கக்கூடும்.

கூட இருப்பவர்களுக்குத் தெரியுமா? கேலி செய்வார்களா?

முதலில் செய்தார்கள். 'ரைட்டர் சாப்' என்று கூப்பிட்டார்கள். இப்போது புகாரியைச் சுற்றி உட்காரும்போது அவர்களே கேட்கிறார்கள். எங்களில் தமிழர், மலையாளி, தெலுங்கர், கன்னடக்காரர் எல்லாரும் உண்டு. நான் பாதி தமிழிலும் பாதி இந்தியிலும் சொல்வேன். ஆந்திரா தம்பி ஒருவன் பொன்னியின் செல்வன் பெயரைக்கூட அதற்கு முன்னால் கேட்டதில்லை. ஆனால் சாத்தனை எஜமான் பிள்ளை தள்ளிவிட்ட இடம் வந்ததும், "அவன் டூட்டிதானே பண்ணான்!" என்று இந்தியில் சத்தம் போட்டான். அப்புறம் ஒரு நிமிடம் யாரும் பேசவில்லை. "ஃபிர் க்யா ஹுவா?" (அப்புறம் என்ன ஆச்சு?) என்று அவனேதான் மறுபடி ஆரம்பித்துவைத்தான்.

இராணுவத்தில் இருந்துகொண்டு எழுத அனுமதி உண்டா?

பணி சம்பந்தப்பட்ட விஷயத்தையும் அரசியலையும் முன் அனுமதி இல்லாமல் வெளியிடக் கூடாது என்பது விதி. அது நியாயமான விதி. நான் எழுதுவது ஆயிரம் வருடத்துக்கு முந்தைய கற்பனை. ஆனாலும் என் கம்பெனி கமாண்டரிடம் சொல்லிவிட்டுத்தான் ஆரம்பித்தேன். 2020 ஜூலையில் ஃபேஸ்புக், இன்ஸ்டாகிராம் உட்பட 89 செயலிகளை நீக்கச் சொல்லி இராணுவத்தில் உத்தரவு வந்தது. அதனால் என்னை எங்கேயும் தேட வேண்டாம். நான் இருக்க மாட்டேன்.

கல்கியின் பாத்திரங்களை எடுத்து எழுதுவது சட்டப்படி சரியா?

சரிதான். கல்கி 1954 டிசம்பரில் மறைந்தார். நம் நாட்டில் எழுத்தாளர் மறைந்து 60 வருடம்வரைதான் பதிப்புரிமை. அதற்கு முன்பே தமிழ்நாடு அரசு அவர் எழுத்துகளை நாட்டுடைமை ஆக்கிவிட்டது. ஆனாலும் அவர் சொன்ன எதையும் நான் மாற்றுவதில்லை. அவர் பேசாமல் விட்ட இடத்தில் மட்டும் நுழைகிறேன்.

குறிப்புப் புத்தகம் இல்லாமல் வரலாற்றை எப்படிச் சரிபார்க்கிறீர்கள்?

டிரங்குப் பெட்டியில் முதல் பாகமும் நான்காம் பாகமும் இருக்கின்றன. மற்றதை லீவில்தான் பார்ப்பேன். ஜவானுக்கு வருடத்தில் அறுபது நாள் வருட விடுப்பு, முப்பது நாள் தற்செயல் விடுப்பு. போன தடவை உடையார்குடி கோயிலுக்குப் போனேன். ஆதித்த கரிகாலனைக் கொன்ற குற்றத்துக்காக ரவிதாசன், சோமன், பரமேசுவரன் குடும்பங்களின் சொத்து பறிக்கப்பட்டதைச் சொல்லும் ராஜராஜன் காலத்துக் கல்வெட்டு அங்கேதான் இருக்கிறது. சின்ன வயதில் அந்தச் சுவரில் சாய்ந்து உட்கார்ந்து பொங்கல் சாப்பிட்டிருக்கிறேன், அது என்ன எழுத்து என்று தெரியாமலே.

சாத்தனின் மனைவி பொன்னாச்சி பிறகுதான் வருகிறாள். ஏன்?

முதல் ஆறு அத்தியாயத்தில் அவள் இல்லவே இல்லை. சாட்டிலைட் போனில் எனக்கு முறை வந்த ஒருநாள், பிள்ளைகள் பேசி முடித்த பிறகு என் மனைவி கேட்டார்: "ஏங்க, சாத்தனுக்கு வீடே கிடையாதா? ராத்திரி பூரா வாசல்ல நிக்கிறானே, அவன் பொண்டாட்டி எங்க நிக்கிறா?" பின்னால் வரிசையில் ஆள் நின்றுகொண்டிருந்தார்கள். பதில் சொல்ல நேரம் இல்லை, பதிலும் என்னிடம் இல்லை. ஏழாம் அத்தியாயத்தில் பொன்னாச்சி வந்தாள். அவள் பேசுகிற பேச்சில் பாதி என் மனைவி தட்டச்சு செய்யும்போது சேர்த்தது. நான் எழுதியதைவிட அது நன்றாக இருக்கிறது.

நந்தினி வருவாளா?

தூரத்தில், பல்லக்கின் திரைக்குள். ஒரு வாசல் காவலன் அவளை அவ்வளவுதான் பார்த்திருப்பான்.

நானும் பட்டாளத்தில் இருக்கிறேன், எழுத ஆசை. எப்படி ஆரம்பிப்பது?

புதுக்கதை வேண்டாம், தம்பி. மனசில் ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கும் ஒரு பழைய கதையை எடுத்துக்கொள். ஊர், ஆட்கள், பெயர் எல்லாம் தயாராக இருக்கும். களைத்துப்போய் வருகிறவனுக்கு அது பெரிய உதவி. உனக்குக் கோபம் வந்த ஓர் இடம், 'இவனை இப்படி விட்டுவிட்டார்களே' என்று தோன்றிய ஓர் ஆள் அதில் கட்டாயம் இருப்பான். அங்கிருந்து ஆரம்பி. நோட்டில் யூனிட் பெயர், இடம், தேதி எதுவும் எழுதாதே. டூட்டியில் எழுதாதே. நான்கு வரி எழுதினாலும் அன்றைக்கு அது போதும்.

உங்களுக்கு என்ன அனுப்பலாம்?

எதுவும் வேண்டாம். எங்களுக்கு வேண்டியது எல்லாம் வருகிறது. அப்படியும் கேட்டே தீருவேன் என்றால், படித்துவிட்டுத் தோன்றியதை இரண்டு வரி எழுதுங்கள். மனைவி அவற்றைக் கையால் எழுதி, மாதம் ஒருமுறை 56 ஏ.பி.ஓ. என்ற இராணுவத் தபால் முகவரிக்குக் கடிதமாக அனுப்புகிறார். போன கடிதத்தில், சேலத்தில் ஒரு ஏடிஎம் வாசலில் இரவுக் காவல் பார்க்கிற பெரியவர் ஒருவர் எழுதியது இருந்தது. கடம்பூர் வாசலில் மழை பெய்தால் சாத்தன் எங்கே ஒதுங்குவான் என்று கேட்டிருந்தார். நான் அதை யோசித்ததே இல்லை, ஐயா. பதினைந்தாம் அத்தியாயத்தில் மழை வருகிறது. வாசலுக்கு வலதுபக்கம் ஓர் ஓலைத் தாழ்வாரம் போட்டிருக்கிறேன்.